குட்டியா, பட்டினியா? ஒரு பைத்தான் குட்டிக்கு வயது பார்த்த கதை

பாலக்காட்டு மாவட்டத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மாட்டுக்கு வயது தெரிய வேண்டுமென்றால் விற்பவரிடம் யாரும் கேட்க மாட்டார்கள். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். பொள்ளாச்சிச் சந்தையானாலும் வாணியங்குளம் சந்தையானாலும் இதுதான் நடைமுறை. பால்பல், ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று வாய்க்குள்ளேயே ஜாதகம் இருக்கும். நான் மாட்டுத்தீவனக் கடை வைத்திருப்பவன். இந்தக் கணக்கு எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

பாம்புக்கு அந்த வழியே கிடையாது. பாம்பின் பல் வாழ்நாள் முழுக்க விழுந்துகொண்டும் முளைத்துக்கொண்டும் இருக்கும். போன மாதம் பொரித்த குட்டியின் வாயிலும் புதுப்பல் இருக்கும், இருபது வயதுக் கிழத்தின் வாயிலும் புதுப்பல் இருக்கும். அக்கா மகன் ஒரு பால் பைத்தான் (ball python, பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் வெளிநாட்டு மலைப்பாம்பு) குட்டியை வாங்கிக்கொண்டு வந்து நின்றபோதுதான் இதையெல்லாம் நான் தேடித் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

அது 2023 முடியப்போகிற நேரம். அவன் கோவையில் படித்துக்கொண்டிருந்தான். அங்கே ஒரு பெட் கடையில் வாங்கி, காற்றுத் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, வேலந்தாவளம் வழியாகப் பஸ்ஸிலேயே கொண்டுவந்துவிட்டான். "மாமா, மூணு மாசக் குட்டின்னு கடைக்காரர் சொன்னாருங்க" என்றான். அக்கா டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, "பாம்பைக் காசு குடுத்தா வாங்குவாங்க? தோப்புக்குள்ள போனா சும்மாவே கெடைக்குமே" என்றாள்.

தோப்பில் கிடைப்பதைத் தொட முடியாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் மலைப்பாம்பு, சாரை, நல்லபாம்பு எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறவை. வீட்டில் வைத்தால் வழக்குத்தான். மண்ணுளிப் பாம்பை வைத்திருந்தால் பணம் கொட்டும் என்று எவனாவது சொன்னால் அவனோடு பேசுவதே ஆபத்து. பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் பாம்பு. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து பல வருஷமாக உலகமெங்கும் போகிறது, அதுபோகப் பண்ணைகளிலும் பொரிக்கிறது. இதை வைத்துக்கொள்ளலாம், ஆனால் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுக் கதை பின்னால் வரும், ஏனென்றால் வயதுக்கு விடை கடைசியில் கிடைத்தது அதனால்தான்.

முதலில், வயது எதற்கு? சாப்பாடு எடையைப் பார்த்துக் கொடுப்பது, கூண்டு நீளத்தைப் பார்த்து அமைப்பது. வயதுக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் சின்னதாக ஒரு பாம்பு கையில் இருக்கும்போது ஒரு கேள்விக்கு மட்டும் விடை தெரிந்தாக வேண்டும். இது சின்னதாக இருப்பது குட்டி என்பதாலா, பட்டினி கிடந்ததாலா? மூன்று மாதக் குட்டி 90 கிராம் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை, வாரம் ஒரு எலிக்குஞ்சு கொடுத்துக்கொண்டு போகலாம். பத்து மாதப் பாம்பு 90 கிராம் இருந்தால் அது வேறு விஷயம். ஏன் சாப்பிடவில்லை, குடலில் பூச்சியா, வாயில் புண்ணா, வைத்திருந்த இடம் குளிரா என்று பார்க்க வேண்டும். சாப்பாட்டையும் மெதுவாகத்தான் தொடங்க வேண்டும். கடையில் எல்லாப் பாம்புமே "மூணு மாசம்"தான். வாங்குகிறவருக்குக் குட்டிதான் பிடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

உடம்பிலேயே பிறந்த அடையாளம் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். முட்டையைக் கிழித்து வெளியே வர, குட்டியின் மேல் உதட்டு நுனியில் ஒரு சின்ன முட்டைப்பல் இருக்கும். அது சில நாளில் உதிர்ந்துவிடும். அது இருந்தால் பொரித்த குட்டி புத்தம்புதுசு. கடைக்கு வருகிற பாம்பில் அதைப் பார்க்கவே முடியாது. அடுத்தது தொப்புள் வடு. மஞ்சள்கரு உடம்போடு சேர்ந்திருந்த இடம், வயிற்றுப் பக்கத்துச் செதில் தகடுகளின் நடுவில், வால் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு சின்னக் கீறலாகத் தெரியும். சில வாரங்களில் மூடிவிடும், மெல்லிய கோடு மட்டும் சில மாதம் வரை தெரிந்தாலும் தெரியலாம். தோல் உரிக்க உரிக்க அதுவும் மங்கிப் போகும்.

இதை எங்களுக்குக் காட்டிக் கொடுத்தவர் பக்கத்து ஊர்ப் பாம்பு பிடிக்கிற சேட்டன். கேரளத்தில் இப்போது யார் வேண்டுமானாலும் பாம்பு பிடித்துவிட முடியாது. வனத்துறையிடம் பயிற்சி எடுத்துச் சான்று வாங்கியவர்கள்தான் பிடிக்கலாம். 'சர்ப்பா' என்ற வனத்துறைச் செயலியில் பார்த்தால் அருகில் இருப்பவர் எண் கிடைக்கும், கூப்பிட்டால் வருவார். எங்கள் வீட்டில் பாம்பு இருப்பதைக் கேள்விப்பட்ட பக்கத்து வீட்டு அம்மா அவரைக் கூப்பிட்டுவிட்டார்! வந்தவர் டப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உட்கார்ந்து சாயா குடித்தார். மருமகன் கையில் பாம்பு சுற்றிக்கொண்டிருக்கும்போதே, அதைப் பிடித்துத் திருப்பாமல், கீழிருந்து டார்ச் அடித்து வயிற்றுத் தகடுகளைப் பார்த்தார். வடு எதுவும் இல்லை. "இது இன்னலெ விரிஞ்ஞதல்லா" என்றார், நேற்றுப் பொரித்ததில்லை என்று.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்குப் பிடித்தது. காட்டுப் பாம்புக்கு அவர் மாதத்தை வைத்தே வயது சொல்லிவிடுவார். கண்ணாடி விரியன் முட்டையிடாது, குட்டிதான் போடும், பெரும்பாலும் மே முதல் ஜூலை வரை. ஆடி மாதம் வரப்பில் ஒரு சாண் விரியன் ஊர்ந்தால் அது அந்த வருஷத்துக் குட்டி, சந்தேகமே வேண்டாம். நல்லபாம்பும் கோடையில் முட்டையிட்டு மழைக்காலத்தில் பொரிக்கிறது. ஆனால் கூண்டில் வளர்க்கும் பாம்புக்கு இந்தக் கணக்கு ஓடாது. பண்ணையில் இன்குபேட்டரில் எந்த மாதமும் பொரிக்க வைக்கலாம்.

அடையாளம் எதுவும் இல்லையென்றால் குறைந்தபட்ச வயதையாவது கணக்குப் போடலாம். பால் பைத்தான் குட்டி பொரித்து ஒன்றிரண்டு வாரத்தில் முதல் தோலை உரிக்கும். அதுவரை உள்ளே இருக்கும் மஞ்சள்கருவே அதற்கு ஆகாரம். அதற்குப் பிறகுதான் எலி எடுக்கும். பொறுப்பான பண்ணைக்காரர் இரண்டு மூன்று முறை தானாகச் சாப்பிட்ட பிறகுதான் விற்பார். ஆக, சாப்பிடத் தெரிந்த குட்டி என்றாலே ஒரு மாதத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். கடையில் எத்தனை நாள் கிடந்தது என்று கேட்டு அதைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். "இப்பத்தாங்க வந்துச்சு" என்பார்கள். பில் புத்தகம் வேறு சொல்லும், ஆனால் அதை யார் காட்டப்போகிறார்கள்?

இனி எடைக்கு வருவோம். கடையில் தாது உப்புக் கலவை நிறுக்க ஒரு கிராம் துல்லியத்தில் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வைத்திருக்கிறேன். மூடி போட்ட டப்பாவை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, பாம்பை உள்ளே விட்டு மூடி நிறுத்தோம். 94 கிராம். சாப்பிட்ட உடனே நிறுக்கக் கூடாது. எலியின் எடையும் சேர்ந்துவிடும். கழிந்த பிறகு நிறுத்தால்தான் சரியான எடை.

நீளம் அளப்பதில்தான் ஆட்கள் கொடுமை செய்கிறார்கள். இரண்டு கையால் இழுத்துப் பிடித்து டேப் வைப்பது பாம்பின் முதுகெலும்புக்கு நல்லதல்ல. அது இயல்பாகப் படுத்திருக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து மேலிருந்து ஃபோட்டோ எடுக்க வேண்டும். அப்புறம் ஃபோட்டோவில் முதுகுக் கோட்டை ஒட்டி நூல் வைத்து அளந்து, ஸ்கேலோடு ஒப்பிட்டால் போதும். நாலைந்து ஃபோட்டோ எடுத்துச் சராசரி பார்த்ததில் 55 சென்டிமீட்டர் சுற்றி வந்தது. உரித்துப் போட்ட தோலை அளந்து நீளம் சொல்லுகிறவர்கள் உண்டு. உரியும்போது தோல் நன்றாக இழுபடும், பாம்பைவிட நீளமாகத்தான் இருக்கும். அதை நம்ப வேண்டாம்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். பால் பைத்தான் பொரிக்கும்போது 25 முதல் 43 சென்டிமீட்டர் வரை இருக்கும். 40 சென்டிமீட்டரில் 65 கிராம் என்று ஒரு நல்ல குட்டியை வைத்துக்கொள்ளுங்கள். உருவம் மாறாமல் நீளம் கூடினால் எடை அந்த விகிதத்தின் மும்மடியில் கூட வேண்டும். 55-ஐ 40-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே இரண்டு முறை பெருக்கினால் சுமார் 2.6. அப்படியென்றால் 55 சென்டிமீட்டர் பாம்பு 170 கிராமுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் கையில் இருப்பது 94. இது தோராயக் கணக்குத்தான், ஆனால் பாதிக்குப் பாதி குறைவது தோராயத்தில் அடங்காது. நீளம் இருக்கிறது, எடை இல்லை. குட்டி என்றால் இரண்டுமே சின்னதாக இருந்திருக்கும்.

கண்ணும் இதையேதான் சொன்னது. நன்றாக இருக்கும் பைத்தானின் உடம்பை நடுவில் பார்த்தால் முனை மழுங்கிய முக்கோணமாகத் திரண்டிருக்கும். இதற்கு முதுகெலும்பு வரம்பு கட்டியது மாதிரித் தூக்கி நின்றது, இரண்டு பக்கமும் சரிந்து உள்வாங்கியிருந்தது. குட்டிகளுக்குப் பொதுவாகவே உடம்போடு ஒப்பிட்டால் தலையும் கண்ணும் பெரிதாகத் தெரியும், அதனால் பெரிய தலையை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது தலையின் வடிவம். புதுக் குட்டியின் தலை குட்டையாக, மூக்கு மழுங்கி இருக்கும். பட்டினி கிடந்த பாம்பில் உடம்பு தேங்கினாலும் தலை கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து நீண்டுவிடும். மெலிந்த கழுத்துக்கு முன்னால் வளர்ந்த பாம்பின் தலை இருப்பது, ஒன்றுக்கு இரண்டு பாம்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நன்றாகப் புரியும். மருமகனின் நண்பன் ஒருவன் வீட்டில் நல்ல ஊட்டத்தோடு வளர்ந்த குட்டி இருந்தது. அதன் ஃபோட்டோவை வாங்கி ஒப்பிட்டோம்.

எங்கள் முடிவு: ஆறு மாதத்துக்குக் குறையாது, ஒரு வருஷத்தைத் தாண்டாது. இதற்கு மேல் நெருக்கிச் சொல்ல உயிருள்ள பாம்பில் வழியில்லை. ஆராய்ச்சியாளர்கள் எலும்பை மெல்லிசாக அறுத்து, மரத்தில் பார்ப்பதுபோல வளர்ச்சி வளையம் எண்ணுவதுண்டு. அதற்குப் பாம்பு செத்திருக்க வேண்டும். அதுவும் குளிர்காலம் வந்து வளர்ச்சி நின்று போகிற நாடுகளில்தான் வளையம் தெளிவாக விழும்.

வயதுக்கு அடையாளம் என்று எங்களிடம் சொல்லப்பட்ட மற்றவை பெரும்பாலும் உதவாதவை. செதில் எண்ணிக்கை கூடும் என்றார் ஒருவர். வயிற்றுத் தகடுகள் முட்டைக்குள்ளேயே தீர்மானமாகிவிட்டவை, செதில் பெரிதாகுமே தவிர எண்ணிக்கை மாறாது. நிறத்தை வைத்துச் சொல்லலாம் என்பது சில பாம்புகளுக்கு மட்டும் பொருந்தும். பச்சை மரப் பைத்தான் குட்டியில் மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருந்து பிறகுதான் பச்சையாகும், அதில் நிறம் ஒரு நல்ல தடயம். பால் பைத்தானில் வயதாக நிறம் லேசாக மங்குவதோடு சரி. அமெரிக்காவின் கிலுகிலுப்பைப் பாம்பில் வால் வளையத்தை எண்ணினால் வயது என்பதும் பொய்தான். ஒவ்வொரு தோல் உரிப்புக்கும் ஒரு வளையம், வருஷத்துக்கு எத்தனை முறை உரிக்கும் என்பது சாப்பாட்டைப் பொறுத்தது, நுனி வளையங்கள் உடைந்தும் போகும்.

பக்கத்து வீட்டு அம்மா சொன்னது இன்னும் சுவாரசியம். அவர்கள் வளவில் சர்ப்பக்காவு, அதாவது நாகத்தைக் கும்பிடும் சின்ன மரத்தோப்பு, இருக்கிறது, ஆயில்யம் தோறும் விளக்கு வைப்பார்கள். வயதான நாகம் வருஷத்துக்கு வருஷம் குறுகிக்கொண்டே போய்க் கடைசியில் மாணிக்கம் கக்கும் என்பது அவர் கேட்டு வளர்ந்த கதை. என் பாட்டியும் இதையேதான் சொல்லுவாள், தமிழில். பாம்பு குறுகுவதில்லை. இளமையில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் வளர்ந்துகொண்டே இருக்கும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. காவில் விளக்கு எரிகிற வரைக்கும் அந்த நாலு சென்ட் நிலத்தில் மரம் வெட்டப்படாது, எனக்கு அது போதும்.

மண்ணுத்திப் பக்கம் ஊர்வன பார்க்கிற ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். போகும்போது புதிதாகப் போட்ட கழிவைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு போனது நல்லதாயிற்று. பூச்சி முட்டை இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டார். வாயைத் திறந்து பார்த்தார், செதில் இடுக்குகளில் உண்ணி தேடினார். ஆப்பிரிக்காவிலிருந்து நேராக வருகிற பாம்புகளில் உண்ணி இருப்பது சாதாரணம். அது இருந்தால் பண்ணையில் பிறந்ததென்ற கதையையே சந்தேகப்பட வேண்டும் என்றார். எங்களுடையதில் இல்லை. நோயும் இல்லை. வெறும் பட்டினி.

பட்டினி கிடந்த பாம்புக்கு ஆசை ஆசையாகப் பெரிய எலி கொடுப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. அது கக்கிவிடும். கக்கினால் குடல் மறுபடி தேற நாளாகும், எடை இன்னும் இறங்கும். சாதாரணமாக வளரும் குட்டிக்கு உடல் எடையில் 10 முதல் 15 சதவீதம் வாரம் ஒருமுறை என்பது கணக்கு. இதற்கு மருத்துவர் அதில் பாதியில் தொடங்கச் சொன்னார். கடைகளில் பிங்கி, ஃபஸ்ஸி, ஹாப்பர் என்று எலிக்குஞ்சை வளர்ச்சி பார்த்து உறைய வைத்து விற்கிறார்கள். ரோமம் முளைக்காத பிங்கி ஒன்று, பத்து நாள் இடைவெளி. அது தங்குகிறது என்று தெரிந்த பிறகு கொஞ்சம் பெரியது, பிறகு வாரம் ஒன்று. உறைந்ததை ஒரு பையில் போட்டு வெந்நீரில் வைத்து, உள்வரை இளகி, உடம்புச் சூட்டுக்கு வந்த பிறகு நீளமான இடுக்கியில் பிடித்துக் காட்ட வேண்டும். அக்கா தன் சமையலறைப் பாத்திரம் எதையும் தரவில்லை. நியாயம்தான். அதற்கென்று தனியாக ஒரு வாளி வாங்கினோம்.

எங்கள் ஊர்க் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தோல் உரிப்பது அதைப் பொறுத்தது. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வரண்ட காற்று இரவும் பகலும் அடிக்கும். உதடு வெடிக்கும், தென்னை மட்டை விழுந்துகொண்டே இருக்கும். பால் பைத்தானுக்குக் குறைந்தது 50, 60 சதவீதமாவது ஈரப்பதம் வேண்டும். கோழிக்கோட்டிலோ கொச்சியிலோ இருப்பவர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. இங்கே மேலே வலை போட்ட கண்ணாடித் தொட்டியில் வைத்தால் அரை நாளில் காய்ந்துவிடும். அதனால் ஓரத்தில் துளை போட்ட மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றினோம், தேங்காய் நார்த்தூளை ஈரப்படுத்திக் கீழே பரப்பினோம். நார்த்தூளுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு சின்ன டப்பா, அதில் ஈரப் பாசி. மாசி முடிந்து பங்குனி வெயில் ஏறிவிட்டால் கவலை தலைகீழாகும். இதற்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 26 டிகிரி போல இருந்தால் நல்லது. பாலக்காட்டில் கோடையில் வெளியே 40-ஐத் தொடும்போது சூடாக்கியை அணைத்துவிட்டு, பெட்டியைத் தரையோடு, ஓட்டு வீட்டின் உள்ளறையில் வைப்பதுதான் வழி.

சாப்பாடு தங்க ஆரம்பித்ததும் தோல் உரிப்பு வரிசையாக வந்தது. கண் பால் கலந்த நீலமாக மங்கும், சில நாளில் மறுபடி தெளியும், தெளிந்த இரண்டு மூன்று நாளில் உரிக்கும். நன்றாகச் சாப்பிட்டு வளரும் குட்டி நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை உரிக்கும், வளர்ந்த பாம்பு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கடையில் குட்டி வாங்கப் போகிறவர்கள் கடைசியாக எப்போது தோல் உரித்தது என்று கட்டாயம் கேட்க வேண்டும். மூன்று மாதக் குட்டி என்று சொல்லிவிட்டு, வந்ததிலிருந்து உரிக்கவே இல்லை என்றால் அது வளரவே இல்லை என்றுதான் பொருள்.

சரி, பதிவுக் கதை. 2022-இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தியபோது, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் (CITES) இருக்கும் வெளிநாட்டு விலங்குகளை நான்காம் அட்டவணைக்குள் கொண்டுவந்தார்கள். பைத்தான் குடும்பம் முழுக்க அந்தப் பட்டியலில் உண்டு. வைத்திருப்பது, கைமாற்றுவது, குட்டி பொரிப்பது, இறப்பது எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும். அதற்கான விதிகள் 2024 தொடக்கத்தில் வந்தன, மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். மருமகன் அதற்காகப் பழைய பில்லைத் தேடி, கடையை விட்டுவிட்டுக் கடைக்குக் குட்டி கொடுத்த பண்ணைக்காரரையே தேடிப் பிடித்தான். டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த எண்ணைச் சொன்னதும் அவர் தன் நோட்டைப் புரட்டிப் படித்துவிட்டார். பொரித்தது 2023 பிப்ரவரி. மூன்று முறை சாப்பிட்ட பிறகு ஏப்ரலில் கடைக்குக் கொடுத்தபோது 76 கிராம்.

ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை கடையில் கூடியது 18 கிராம். எட்டு மாதம்! நன்றாகச் சாப்பிட்டிருந்தால் அதற்குள் 300 கிராமைத் தாண்டியிருக்கும். அந்தக் கடைக்காரரைத் திட்டி என்ன பயன், குட்டி பெரிதானால் விலை போகாது என்று எலிச் செலவை மிச்சம் பிடித்திருப்பார். மருமகன் கடைக்குப் போய்க் கேட்டதற்கு, "பாம்பு மாசக்கணக்கா சாப்பிடாமெ இருக்குங்க தம்பி, அது அதோட குணம்" என்று பதில் வந்ததாம். அதில் பாதி உண்மை, அதுதான் சிக்கல். வளர்ந்த பால் பைத்தான் சில மாதம் உண்ணாமல் இருக்கும், எடை பெரிதாகக் குறையாது. குட்டி இருக்க முடியாது.

ஆக, இனி யாராவது என்னிடம் பைத்தான் வாங்கலாமா என்று கேட்டால் நான் வயதையே கேட்கச் சொல்வதில்லை. பண்ணையின் பொரிப்புப் பதிவையும் கைமாற்றுப் பதிவையும் கேளுங்கள் என்கிறேன். குட்டி பொரித்ததைப் பதிவு செய்ய வேண்டுமென்று சட்டமே சொல்லும்போது, ஒழுங்காகப் பிறந்த பால் பைத்தானுக்குப் பிறந்த தேதி இல்லாமல் இருக்கக் கூடாது. காகிதம் இல்லையென்றால் வயதைவிடப் பெரிய தொல்லை அங்கே காத்திருக்கிறது, திரும்பி வந்துவிடுவது நல்லது. கடைகளில் விற்கும் கார்ன் பாம்பு என்ற அமெரிக்கப் பாம்பு அந்தப் பட்டியலில் இல்லை, அதனால் அதற்கு இந்தக் காகிதம் கிடைக்காது. அங்கேதான் தராசும் ஸ்கேலும் தேவைப்படும். அது பொரிக்கும்போது 20 முதல் 30 சென்டிமீட்டர், சில கிராம்தான் எடை. ஓர் ஊதுபத்தி நீளம் இருக்கும் குட்டியை ஒரு வயது என்று யாரும் ஏமாற்ற மாட்டார்கள், மறுபக்கம்தான் ஏமாற்றுவார்கள். எந்தப் பாம்பானாலும், என் கண்ணெதிரே ஒருமுறை சாப்பிட வையுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். சாக்குச் சொல்லுகிற கடையில் வாங்க வேண்டாம்.

எங்களுடையது 2024 ஓணத்துக்குள் 400 கிராமை எட்டிவிட்டது. முதுகு வரம்பு மறைந்து உடம்பு திரண்டது. பட்டினியால் நிரந்தரமாகக் குட்டையாகிவிடுமோ என்று மருமகன் பயந்துகொண்டிருந்தான், அப்படி ஆகவில்லை. ஆண் என்று மருத்துவர் கழிவுத் துவாரத்தில் மெல்லிய கம்பி விட்டுப் பார்த்துச் சொன்னார். இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது, உள்ளே கிழிந்துவிடும். ஆண் என்பதும் வயதுக் கணக்கைக் குழப்புகிற விஷயம்தான். பெண் 120 முதல் 150 சென்டிமீட்டர் வரை வளரும், ஆண் பெரும்பாலும் ஒரு மீட்டரோடு நின்றுவிடும். அளவை மட்டும் பார்த்தால் நாலு வயது ஆணும் இரண்டு வயதுப் பெண்ணும் ஒன்றாகத் தெரியலாம்.

வயது தெரிந்ததில் மருமகனுக்குத்தான் சந்தோஷம். எனக்கு இனிமேல் வரப்போகிற வயதுதான் கவலை. வீட்டில் வளரும் பால் பைத்தான் இருபது, முப்பது வருஷம் சாதாரணமாக இருக்கும். அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் விலங்குக்காட்சிச் சாலையில் 2020-இல் ஒரு பால் பைத்தான், ஆண் துணையே இல்லாமல் முட்டையிட்டது. அப்போது அதற்கு 62 வயதுக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அதை ஒருவர் அங்கே கொண்டுவந்து கொடுத்தது 1961-இல். இதை அக்காவிடம் சொன்னபோது அவள் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே!

மருமகன் இப்போது பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டான். வாடகை வீட்டுக்காரர் நாயையே விடமாட்டேன் என்கிறாராம். பாம்பு அக்கா வீட்டில் இருக்கிறது, பதிவு அவன் பெயரில், எலிச் செலவு என் கணக்கில்.